கேட்டால் வழி பிறக்கும்

வேலையிடச் சிரமங்களைக் கையாள மூத்த ஊழியர்களுக்கு ஒரு பாடம்

வயதான பிறகும் வேலைக்குச் செல்வதில் நன்மைகள் உண்டு. கை கால் அசைகிறது. நாலு பேரோடு பழக முடிகிறது. சொந்தச் செலவுக்குப் பிள்ளைகளை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால், சிரமமான நேரங்களும் வரும். வேலை நேரத்தைத் திடீரென மாற்றுவார்கள். தூக்க முடியாத பாரத்தைத் தூக்கச் சொல்வார்கள். மகன் வயதுள்ள மேற்பார்வையாளர் மற்றவர்கள் முன்னிலையில் கடிந்து பேசுவார்.

அப்போது நம்மில் பலர் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறோம். சிலர் கோபத்தில் பதிலுக்குப் பேசிவிடுகிறோம். கோபம் வரும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தமும் ஏறுகிறது. தாங்கிக்கொண்டால் தூக்கம் கெடுகிறது, முதுகுவலியும் மூட்டுவலியும் கூடுகின்றன. இந்த இரண்டையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. அது, பொருத்தமான கேள்வியை அமைதியாகக் கேட்பது.

ஓர் உதாரணம்

நீங்கள் உணவங்காடி நிலையம் ஒன்றில் மேசை துடைக்கும் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு நீரிழிவு இருக்கிறது. காலையில் மாத்திரை, 12 மணிக்கு மதிய உணவு என்பது உங்கள் வழக்கம். ஒரு நாள் மேற்பார்வையாளர் வந்து, "ஆன்ட்டி, இனிமேல் கூட்டம் குறைந்த பிறகு 2 மணிக்குத்தான் சாப்பாடு," என்கிறார்.

"சரி" என்று தலையாட்டிவிட்டால் என்ன ஆகும்? சில நீரிழிவு மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், ரத்தச் சர்க்கரை அளவு 4.0க்குக் கீழே இறங்கக்கூடும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். ஈரத் தரையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

"ஏன் எப்போதும் என்னையே தொந்தரவு செய்கிறீர்கள்?" என்று கேட்டால்? அவர் அதைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்வார். "மேலிடத்து உத்தரவு," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"தம்பி, நான் நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரலாம். 12 மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிச் சாப்பிட்டுவிட்டு வரட்டுமா? அல்லது வேறொருவரோடு நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?"

இதில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதலில் உங்கள் நிலைமை. அடுத்து, அதனால் வரக்கூடிய விளைவு. கடைசியில், அவர் தேர்ந்தெடுக்க இரண்டு வழிகள். மேற்பார்வையாளருக்கு உங்கள் நோய் பற்றித் தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது அவருக்கு விவரம் தெரிகிறது, செய்யக்கூடிய ஒரு காரியமும் கையில் இருக்கிறது.

கேட்பதற்கு முன்

• மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.
• "எனக்கு இப்போது என்ன தேவை?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வா, உதவியா, விளக்கமா? தேவை தெளிவாக இருந்தால் கேள்வியும் தெளிவாக வரும்.
• கூட்ட நேரத்திலும் மற்றவர்கள் முன்னிலையிலும் கேட்க வேண்டாம். "உங்களோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும், எப்போது வரலாம்?" என்று முதலில் நேரம் கேளுங்கள்.
• மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பேரப்பிள்ளைகளிடம் சொல்லி, கேள்வியைச் சிறு வாக்கியமாகக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரிந்த சக ஊழியரையும் துணைக்கு அழைக்கலாம்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

"ஏன்" என்று தொடங்கும் கேள்வி பல நேரங்களில் சண்டையாக முடிகிறது. "எப்படி", "எது", "எப்போது" என்று தொடங்கும் கேள்வி வேலையைப் பற்றிய பேச்சாக மாறுகிறது.

பாரமான வேலை தரும்போது
"இந்த வயதில் என்னால் எப்படி முடியும்?" என்பதற்குப் பதிலாக: "இந்தப் பெட்டிகளை ஏற்றத் தள்ளுவண்டி கிடைக்குமா? இல்லையென்றால் யார் என்னோடு சேர்ந்து தூக்குவார்?"

ஒரே நேரத்தில் பல வேலைகளைத் தரும்போது
"எனக்கு இரண்டு கைதானே இருக்கிறது?" என்பதற்குப் பதிலாக: "இந்த மூன்றில் எதை முதலில் முடிக்க வேண்டும்? எது நாளைக்கு இருக்கலாம்?"

புதிய இயந்திரம் அல்லது கைப்பேசிச் செயலி புரியாதபோது
புரிந்தது போலத் தலையாட்டாதீர்கள். "ஒருமுறை செய்து காட்டுகிறீர்களா? பிறகு நான் செய்கிறேன், சரியா என்று பாருங்கள்," என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் செய்து, கை மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து.

துப்புரவு ரசாயனங்களைத் தரும்போது
"இதை எதோடு கலக்கக்கூடாது? கையுறை எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். பிளீச்சையும் அமிலம் கலந்த கழிவறைத் துப்புரவு மருந்தையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு வெளியாகும்.

எல்லார் முன்னிலையிலும் கடிந்து பேசும்போது
அந்த இடத்தில் வாதாட வேண்டாம். பிறகு தனியாகச் சென்று, "காலையில் நான் செய்ததில் எது தவறு? அடுத்த முறை எப்படிச் செய்ய வேண்டும்? தவறு இருந்தால் என்னைத் தனியாக அழைத்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். திருத்திக்கொள்ளும் மனமும் சுயமரியாதையும் இரண்டும் இதில் தெரியும்.

வேலை ஒப்பந்தம் முடியும்போது
சிங்கப்பூரில் 2026 ஜூன் 30 வரை சட்டப்படி ஓய்வுபெறும் வயது 63, மறுவேலை நியமன வயது 68. 2026 ஜூலை 1 முதல் இவை 64, 69. "என்னை வெளியே அனுப்பிவிடுவார்களோ" என்று தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டாம். "என் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? மறுவேலை நியமனம் பற்றி எப்போது பேசலாம்? வேலையும் சம்பளமும் மாறுமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மருத்துவரிடமும் கேளுங்கள்

வேலையிடத்தில் சரியாகக் கேட்க, முதலில் உங்கள் உடல் நிலை உங்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லும்போது, உங்கள் வேலை என்ன, எந்த நேரம், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

• இரவு வேலை செய்யும் நாளில் மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும்?
• எவ்வளவு பாரம் வரை தூக்கலாம்?
• எந்த அறிகுறி வந்தால் உடனே வேலையை நிறுத்த வேண்டும்?
• இலகுவான வேலை தரும்படி முதலாளிக்குக் கடிதம் தர முடியுமா?

வேலை நேரம் மாறியது என்பதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

கேள்வி கேட்க நேரமில்லாத வேளை

சில நேரங்களில் முதலில் வேலையை நிறுத்த வேண்டும். கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலவீனம்: உடனே 995 அழைக்கச் சொல்லுங்கள்.
• நீரிழிவு உள்ளவருக்குக் கை நடுக்கமும் வியர்வையும் வந்தால்: உட்கார்ந்து, 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் குடியுங்கள். சரியானதும் உணவு சாப்பிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 995 அழைக்க வேண்டும்.
• ஏணி ஆடுகிறது, மின்கம்பி வெளியே தெரிகிறது: அந்த இடத்தை விட்டு விலகி, மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

பதில் சரியாக வராவிட்டால்

ஒருமுறை கேட்டுப் பதில் வரவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். "எப்போது பதில் தெரியும்? வேறு யாரிடம் கேட்கலாம்?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்ட தேதியையும் கிடைத்த பதிலையும் குறித்து வையுங்கள்.

வேலை நேரத்தை நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால், எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டுதல்களின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறையாக விண்ணப்பித்தால், முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

அவமதிப்போ மிரட்டலோ தொடர்ந்தால், அதைக் கேள்வியால் மட்டும் தீர்க்க முடியாது. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவையோ தொழிற்சங்கத்தையோ மனிதவள அமைச்சையோ நாடுங்கள். மனம் கனத்துப் போனால், 24 மணி நேரமும் இயங்கும் 1771 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம்.

வீட்டுப் பயிற்சி

1. வேலையிடத்தில் உங்களுக்குச் சிரமம் தரும் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.
2. "என் நிலைமை இது. இதனால் இப்படி ஆகலாம். இதைச் செய்யலாமா, அல்லது அதைச் செய்யலாமா?" என்ற வரிசையில் ஒரு கேள்வி அமையுங்கள்.
3. கணவர், மனைவி அல்லது பிள்ளைகளை மேற்பார்வையாளராக நடிக்கச் சொல்லி, மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.
4. குரல் உயர்ந்தால் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடியும் தொடங்குங்கள்.

இத்தனை வருடம் உழைத்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது. உடம்பைக் கெடுத்துக்கொண்டு மௌனமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த முறை சிரமம் வரும்போது, ஒரு மூச்சு விட்டு, ஒரு நல்ல கேள்வி கேளுங்கள்.