மரத்தை மொட்டையடிக்காதே

அன்பு மகள் நிலாவுக்கு,

டாலஸில் நீ குடிபோன வீட்டு வாசலில் நிற்கும் கிரேப் மிர்ட்டிலைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். பிப்ரவரியில் அக்கம்பக்கத்தில் எல்லோரும் உச்சியை வெட்டிவிடுகிறார்கள், நானும் வெட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கவாத்து செய்யலாம் அம்மா, ஆனால் மொட்டையடிக்காதே.

இந்த மரம் அந்த வருஷம் விடும் புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். அதனால்தான் குளிர்காலக் கடைசியில், இலை துளிர்க்கும் முன் கவாத்து செய்கிறோம். அதை வைத்தே, நிறைய வெட்டினால் நிறையப் பூக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. வெட்டாமல் விட்டாலும் வசந்தத்தில் தளிர் வரும், கோடையில் பூவும் வரும்.

மொட்டையடித்த மரத்தைக் கிட்டே போய்ப் பார். வருஷா வருஷம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்ட கிளையின் முனை, மடக்கிய முஷ்டி போலப் புடைத்திருக்கும். அதிலிருந்து ஒல்லியான குச்சிகள் கொத்தாகக் கிளம்பும். பூங்கொத்தின் கனத்தை அவை தாங்காது. ஒரு மழை பெய்தால் போதும், தரையைத் தொடும் அளவுக்கு வளைந்துவிடும். பட்டை உரிந்து வழவழப்பாகும் அடிமரம்தான் இதன் குளிர்கால அழகு. உச்சியை வெட்டினால் அந்த வடிவமே கெட்டுப்போகும்.

சரி, எதை வெட்டலாம்? அடியிலிருந்து முளைக்கும் பக்கக் கன்றுகளை எப்போது கண்டாலும் எடுத்துவிடு. ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் நோஞ்சானை நீக்கு. காய்ந்தவை, மரத்தின் நடுவை நோக்கி வளர்பவை, உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் பென்சிலைவிட மெல்லிய குச்சிகள் எல்லாம் போகட்டும். கிளை பிரியும் இடத்திலுள்ள மேட்டைக் காயப்படுத்தாமல், அதை ஒட்டி வெட்டு. குச்சி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதற்குக் கூர்மையான கவாத்துக் கத்தரி போதும். பழைய காய்களைக் கிள்ளுவது உன் விருப்பம். விட்டாலும் பூப்பது குறையாது.

ஜன்னலை மறைக்கிறது என்பதற்காகத்தான் பலர் ரம்பத்தை எடுக்கிறார்கள். தவறு மரத்திடம் இல்லை, ரகத் தேர்வில் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் டொனால்ட் எகால்ஃப் உருவாக்கி 1978-ல் வெளிவந்த வெள்ளைப்பூ ரகமான 'நாட்செஸ்' 20 அடியைத் தாண்டும். ஜன்னலோரத்துக்கு 10 அடி அளவில் நிற்கும் 'அகோமா' போதும். இரண்டுமே சாம்பல் நோயைத் தாங்கும். எதை நட்டாலும் தினம் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடமாகப் பார். நிழலில் வைத்தால் பூ குறையும், இலையில் சாம்பல் படியும்.

கிளைக் கவட்டிலும் பழைய வெட்டுக் காயத்திலும் வெள்ளைப் பஞ்சுப் பொட்டுகள் தெரிகிறதா பார். நசுக்கினால் இளஞ்சிவப்பாகக் கசிந்தால் அது பட்டைச் செதில் பூச்சி. அமெரிக்காவில் இது முதலில் தெரியவந்தது உங்கள் டாலஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில்தான், 2004-ல். மரம் கருத்துப்போவது இந்தப் பூச்சி கசியும் இனிப்புநீரில் படரும் பூசணத்தால். மென்மையான பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவு. பொறிவண்டுகள் இந்தப் பூச்சியைத் தின்னும். அதனால் கண்டபடி மருந்தடித்து அவற்றைக் கொன்றுவிடாதே.

கத்தரியை வைக்கும் முன் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு காரணம் சொல். சொல்ல முடியவில்லையென்றால் அதை விட்டுவிடு. இந்த மாதமே பக்கக் கன்றுகளிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
பெரியப்பா