நித்தியகல்யாணியின் இலை

நம்ம வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிக்கு, அதாங்க சுடுகாட்டு மல்லிக்கு, தாய்வீடு ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் தீவு. சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பது பல நாட்டு வழக்கம்.

1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு இந்த இலை போனது. ராபர்ட் நோபிள் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் சாற்றை எலிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்து, கிருமி தொற்றி எலிகள் செத்தன! வேகமாகப் பெருகும் அணுக்களைக் கொல்லும் சத்து இலையில் இருந்தது. அதுதான் 1958-ல் வெளியான வின்பிளாஸ்டின். இதே இலையில் கிடைத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஊசி மருந்து.

நம்மில் சிலர் சர்க்கரைக்கு இதைக் கஷாயம் வைக்கிறோம். வேண்டாங்க. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, அளந்து கொடுக்கும் மருந்து அது. ஆடு மாடுகூட இந்தச் செடியில் வாய் வைக்காது.