முகத்தின் நிறத்தைக் குறை சொல்லும் முன்

உங்கள் நண்பன் தான் எடுத்த வண்ணப் புகைப்படம் ஒன்றை நீட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறான். படத்தில் அவனுடைய தங்கை. "முகம் சரியில்லையடா" என்கிறீர்கள். உடனே அவன் முகமும் சரியில்லாமல் போகிறது! எது சரியில்லை, எவ்வளவு சரியில்லை என்று அவனுக்கும் தெரியவில்லை. உண்மையில் உங்களுக்கும் தெரியவில்லை. நிறத்தை அளக்க முடியும். ஆகவே அதைப் பற்றிய குறையையும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி அறிவியல் மன்றத்தில் ஒரு மாணவி தன் தாத்தாவின் படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தாள். திண்ணையில் அமர்ந்த முதியவர்; தோளில் வெள்ளைத் துண்டு. நான் வெயிலிலிருந்து அப்போதுதான் அறைக்குள் நுழைந்திருந்தேன். பார்த்த மாத்திரத்தில், "தாத்தாவுக்கு மஞ்சள் காமாலையா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "துண்டை அளந்து பார்த்தேன் சார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாக இருக்கின்றன. துண்டு வெள்ளையானால் முகம் எப்படி மஞ்சளாகும்?" என்றாள்.

நல்ல கேள்வி! என்னிடம் பதில் இல்லை.

முதலில் என் தவற்றைப் பார்ப்போம். நம் விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. சூழ்ந்துள்ள ஒளிக்கு ஏற்ப ஒவ்வொரு வகையும் தன் உணர்திறனைத் தனித்தனியே கூட்டியோ குறைத்தோ கொள்கிறது என்று 1902-இல் ஃபான் கிரீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கூறினார். மஞ்சள் பல்பின் ஒளியிலும் வெள்ளைத் தாள் நமக்கு வெள்ளையாகவே தெரிவதற்குக் காரணம் இதுவே. ஆனால் இந்தச் சரிக்கட்டலுக்கு ஓரிரு நிமிடம் பிடிக்கும். பல்பொளியில் அது முழுமை அடைவதும் இல்லை. நடுப்பகல் ஒளியின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். அந்த அறையில் இருந்ததோ 2700 கெல்வின் விளக்கு. பகலுக்குப் பழகிய கண்ணோடு வந்து, மஞ்சள் விளக்கின் கீழ் படத்தைப் பார்த்து, தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அச்சுத் தொழிலில் படங்களை ஒப்பிடுவதற்கென்றே 5000 கெல்வின் விளக்கைத் தரமாக வைத்திருக்கிறார்கள் என்பதை வகுப்பில் சொல்பவனும் நானே!

மறுநாள் காலை பத்து மணிக்கு வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் அதே படத்தைப் பார்த்தோம். மஞ்சள் பாதி குறைந்திருந்தது. ஆனால் முழுவதும் போகவில்லை. அந்த மீதிப் பாதி எங்கிருந்து வந்தது?

துண்டிலிருந்துதான்! துணி வெண்மையாகத் தெரிய நம் வீடுகளில் சொட்டு நீலம் போடுகிறோம். சலவைத்தூளிலோ ஒளிரும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி, அதை நீல ஒளியாக வெளிவிடுவது இவற்றின் வேலை. கள்ள நோட்டைக் கண்டறியக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கின் கீழ் துண்டைப் பிடித்தோம். நிலவு போல் ஒளிர்ந்தது. அதாவது, பகல் ஒளியில் அந்தத் துண்டு வெள்ளை அல்ல, வெளிறிய நீலம். அதை வெள்ளையாக்க வேண்டுமென்று அவள் கணினியில் நீலத்தைக் குறைத்திருக்கிறாள். நீலம் துண்டில் மட்டுமா குறையும்? முகத்திலும் குறைந்தது. நீலம் குறைந்தால் மிஞ்சுவது மஞ்சள்தானே!

அவள் அளவும் சரி. படம் மஞ்சள் என்பதும் சரி. அளவுகோல்தான் கோணல். நீங்கள் எழுதும் தாள்களில் பெரும்பாலானவற்றிலும் இதே ஒளிர்பொருள் உண்டு; ஆகவே தாளையும் நம்ப வேண்டாம். குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பத்துப் பதினைந்து அடுக்காக ஓர் அட்டையில் சுற்றி, முகத்தின் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செலவு அதிகமில்லாத, ஓரளவு நேர்மையான வெள்ளை அது.

முகத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. தோலுக்கு நிறம் தருபவை முக்கியமாக மெலனினும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும். மெலனின் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் உறிஞ்சும். ஹீமோகுளோபின் 540, 577 நானோமீட்டர் அலைநீளங்களின் அருகே பச்சையையும் மஞ்சளையும் விழுங்கும். எனவே வெள்ளொளியில் எந்த நாட்டவர் முகமானாலும் சிவப்பு முதலிடம், பச்சை அடுத்தது, நீலம் கடைசி. ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது திரும்பி வரும் ஒளியின் அளவே. படத்தின் கன்னத்தில் நீலம் பச்சையை மிஞ்சியிருந்தால், தயங்காமல் குறை சொல்லலாம்.

ஆனால் எந்தச் சொல்லால்? நம் மொழியில் ஒரு சங்கடம் உண்டு. "பெண் நல்ல நிறம்" என்றால் சிவப்பு என்று பொருள் கொள்கிறோம். ஸ்டுடியோவில், "கொஞ்சம் நிறமா எடுங்க" என்கிறோம். அங்கே கேட்பது நிறத்தையே அல்ல, வெளிச்சத்தை! படத்தைக் குறை சொல்லப் போய் மனிதரைக் குறை சொல்லிவிடுவது இப்படித்தான். "தங்கை கறுத்துப் போயிருக்கிறாள்" என்று சொல்லாதீர்கள். "நெற்றியில் சற்றே பச்சை தட்டுகிறது, சட்டையிலும் அப்படியே, நான் பார்த்தது குழல் விளக்கில்" என்று சொல்லுங்கள். திசை, இடம், விளக்கு மூன்றும் அதில் அடங்கிவிட்டன. நண்பன் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவனுக்கு விளங்கிவிடும். கேட்பவரும் உடனே மறுக்காமல், வேறொரு விளக்கில் ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

இது வெறும் நயத்தக்க பேச்சு அல்ல. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம், வண்ணச் சமநிலையைச் சரிபார்ப்பதற்காக அச்சுக்கூடங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பி வந்தது. அதற்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் போதும் என்று இருந்தார்கள். கறுத்த முகங்கள் விவரமின்றி இருண்டு போயின. படச்சுருள் பின்னர் திருந்தியதற்கு, சாக்லெட் விற்பவர்களும் மர நாற்காலி விற்பவர்களும் 'எங்கள் பழுப்பு சரியாக வரவில்லை' என்று முறையிட்டதும் ஒரு காரணம் என்று அங்கே பணியாற்றியவர்களே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள். பல நிறத்தவரைக் கொண்ட கார்டு வந்தது 1990-களில்தான். முகத்தின் குறையை விட நாற்காலியின் குறை முதலில் காதில் விழுந்திருக்கிறது பாருங்கள்!

மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். டெஃப்லான் அட்டையோடு தாத்தாவை மறுபடி படம் எடுத்து வந்தாள். ஆய்வுக்கூட வாசலில் வாங்கிப் பார்த்தேன். இம்முறை கவனமாக, "தாடையில் மிகச் சிறிதளவு சிவப்பு கூடியிருக்கிறது, பார்த்தது காலை வெயிலில்" என்றேன். அவள் என் காலடியைக் காட்டினாள். "சார், நீங்கள் நிற்பது சிவப்பு சிமெண்டுத் தரை."

இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். சிவப்பு இல்லை.