கண்மாய் நிரம்ப அடுத்த ஊராட்சியும் வேண்டும்

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் உள்ள கண்மாய்களில் பல, தனித்து நிற்பவை அல்ல. மேலக் கண்மாய் நிரம்பிக் கலுங்கில் வழியும் நீரே வரத்துக்கால் வழியாகக் கீழக் கண்மாயை அடைகிறது. ஊராட்சி எல்லையோ இந்தச் சங்கிலியின் குறுக்கே போகிறது. போதாக்குறைக்கு, 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஓடுவது ஒரே நீர், அலுவலகங்கள் இரண்டு.

தகராறு பெரும்பாலும் கலுங்கில்தான் தொடங்குகிறது. ஐப்பசி மழை பிடித்தவுடன் மேலூரில் கலுங்கின்மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள். அரை அடிதானே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். நீர்ப்பரப்பு 50 ஏக்கர் என்றால், அரை அடி உயரத்தில் நிற்பது 25 ஏக்கர் அடி நீர். பாய்ச்சலுக்கு 2 அங்குலம் வீதம், வாய்க்கால் சேதாரம் நீங்கலாக, 150 ஏக்கர் நெல்லுக்கு அது ஒரு தண்ணீர். மழை குறைந்த ஆண்டில் கீழூருக்கு இல்லாமற் போவது அந்த ஒரு தண்ணீர். பயிர் பூக்கும் தருணத்தில் அது தவறினால் அறுப்பது பதரைத்தான். மழை மிகுந்த ஆண்டிலோ மூட்டை வைத்தவர் கரையே உடையக்கூடும். அந்த வெள்ளம் கீழக் கண்மாய்க் கரையையும் சேர்த்துக்கொண்டு போகும்.

மேலூராரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. பழைய கலுங்குகளில் வரிசையாக நட்ட கற்களைக் காணலாம். வெள்ள அபாயம் நீங்கிய பின், கற்களின் இடையே பலகையும் களிமண்ணும் வைத்துக் கடைசி நீரைத் தேக்குவதற்காக அமைந்தவை அவை. அடைப்பது குற்றமல்ல, எப்போது அடைப்பது என்பதே கேள்வி.

நான் சென்ற ஓர் ஊரில் கண்மாயைச் செம்மையாகத் தூர் வாரியிருந்தார்கள். அடுத்த ஊராட்சியில் வரத்துக்கால் சீமைக் கருவேலுக்குள் மறைந்து கிடந்தது. நல்ல மழைக்கும் கால் கண்மாய் நீர்தான் வந்தது. ஏன் வெட்டவில்லை என்றதற்கு, "அது நம்ம எல்லை இல்லையே, சார்" என்றார் ஒரு பெரியவர்.

ஆகவே, ஆகஸ்டு 15 கிராம சபையில் இரண்டு ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கலுங்கின் மட்டத்தைக் கல்லில் வர்ணத்தால் குறிப்பது, எந்தத் தேதிக்குப் பின் பலகை வைப்பது, வரத்துக்கால் வெட்டும் செலவை ஆயக்கட்டு விகிதப்படி பகிர்வது ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கும் அனுப்புங்கள்.

பின்னர், புரட்டாசி பிறக்குமுன் இரண்டு ஊராரும் வரத்துக்காலைச் சேர்ந்தே நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பெற்றுச் செல்வது நல்லது. கால்வாயின் உரிய அகலம் அதில் இருக்கும். இரு ஊர் நீர்பாய்ச்சிகளையும் தவறாமல் அழையுங்கள். நீர் எங்கே தயங்கும், எங்கே கரை மீறும் என்பது வரைபடத்தில் இராது.