ஊர்ச்சுவரும் உரித்துணர்வும்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நாமனைவரும் அறிந்த பழமொழி. சித்திரம் எழுதுவதனால் ஒரு சுவர் நமதாகுமா? இப்பாடத்தில் நாம் ஆராயப்போகும் வினா இதுவே.

பொது இடத்துச் சுவரிலே பலரும் காணத் தீட்டப்படும் ஓவியம் சுவரோவியம் எனப்படும். அதனை ஓவியர் ஒருவர் தனித்துத் தீட்டுவதும் உண்டு; அவ்விடத்து மக்கள் கூடித் தீட்டுவதும் உண்டு. பின்னைய வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள 'பெருஞ்சுவர்' ஆகும்.

அந்நகரின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கிலே, வெள்ளநீர் வடிவதற்கென அமைக்கப்பட்ட துஹுங்கா என்னும் கொங்கிறீற்று வாய்க்கால் உண்டு. மெக்சிக்கோ வழிவந்த ஓவியர் ஜூடித் பாக்கா 1976ஆம் ஆண்டில் அதன் சுவரிலே பணியைத் தொடங்கினார். வாய்க்கால் வறண்டிருக்கும் கோடையில் மட்டுமே தீட்ட முடிந்தமையால், 1983 வரை ஐந்து கோடைகளில் வேலை நடைபெற்றது. சுவரோவியம் 2,754 அடி நீளமும் 13 அடி உயரமும் கொண்டதாயிற்று. தூரிகை பிடித்தோர் 400இற்கும் மேற்பட்ட இளையோர். அவர்கள் பல இனத்தவர். சட்டத்தின் பிடியில் அகப்பட்டு வந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

அவர்கள் வரலாறு கற்றனர். மூத்தோரின் அனுபவங்களைக் கேட்டறிந்தனர். சிறு தாள்களில் வரைந்தவற்றைச் சுவரிலே பெருப்பித்தனர். 1930களில் மெக்சிக்கோ வழியினர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டமை, 1942 முதல் யப்பானிய வழியினர் முகாம்களில் அடைக்கப்பட்டமை, பெருந்தெருக்களால் குடியிருப்புகள் பிளவுண்டமை ஆகியன அங்கே இடம்பெற்றன. பாடநூல்களில் அரிதாகவே இடம்பெற்ற தம்மவர் கதையை அப்பிள்ளைகள் தம் கையாலேயே நகரின் சுவரில் எழுதினர். 2011ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஓரிடம் நமது என்னும் உணர்வைப் பிறர் தர இயலாது. உழைப்பும் நினைவும் அவ்விடத்திற் பதியும்போதே அது பிறக்கின்றது. கூலிக்கு ஓவியரை அமர்த்தித் தீட்டுவித்தால் சுவர் அழகுறும்; அவ்வுணர்வு அவ்வளவிற்கு வளராது. அயலவரோடு ஒரே சாரத்தில் நின்று தீட்டுபவன் அவர் கதையையும் அறிகிறான். தன் கதையையும் கூறுகிறான்.

நாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிறருடைய பாடசாலையில் வாடகைக்குத் தமிழ் படிக்கிறோம். மாலையிலே கரும்பலகையைத் துடைத்து, ஒட்டிய படங்களைக் கழற்றி, மேசைகளை முன்பிருந்தவாறே வைத்துவிட்டு வெளியேறுகிறோம். திங்கட்கிழமை வருவோர் நாம் இருந்ததை அறியார். இரவல் இடத்தைப் பேணுதல் நற்பண்பே. ஆயினும், சுவடின்றி வாழ்வதே நம் பழக்கமாகிவிடலாகாது.

ஆகவே மாணவர்களே, உங்கள் பகற்பாடசாலையிலோ அயலிலுள்ள நூலகத்திலோ சுவர் தீட்ட அழைத்தால் ஒதுங்கி நில்லாதீர்கள். பெற்றோரே, அங்கு தீட்டுவதற்குரிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நாம் சொல்லாத கதையை அவர்கள் எவ்வாறு தீட்டுவர்?

பயிற்சி

1. பெருஞ்சுவர்ப் பணி கோடையில் மட்டும் நடைபெற்றமைக்குக் காரணம் யாது?

2. துயரமான நிகழ்ச்சிகளையும் பொதுச்சுவரில் தீட்டுதல் தகுமா? உமது கருத்தை ஐந்து வசனங்களில் எழுதுக.

3. உமது குடும்பத்து மூத்தவர் ஒருவரிடம் அவர் பிறந்த ஊர்பற்றிக் கேட்டறிந்து, ஒரு காட்சியை வரைந்து அடுத்த வாரம் கொண்டு வருக.