ஹார்டு டிஸ்க் திணறுகிறதா?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நின்றால் சிக்கல் அங்கேதான். அந்தத் தலைப்பைச் சொடுக்குங்கள். டிஸ்க்கை அதிகம் படுத்தும் புரோகிராம் மேலே வந்துவிடும். ஆன்டிவைரஸ் ஸ்கேனோ விண்டோஸ் அப்டேட்டோ என்றால் முடியும்வரை விட்டுவிடலாம்.

‘டக், டக்’ என்று சத்தம் கேட்டாலோ, ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் திரை உறைந்தாலோ, முதல் வேலை போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்க்கில் நகலெடுப்பது. செக்டிஸ்க், டீஃப்ராக் எல்லாம் அப்புறம். நலிந்த டிஸ்க்கை அவை இன்னும் வாட்டும். பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ வரியில் ரா மதிப்பு பூஜ்யமாக இல்லாவிட்டால், படிக்கத் தடுமாறும் இடங்கள் டிஸ்க்கில் இருக்கின்றன என்று பொருள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

டெஸ்க்டாப் என்றால் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, சாட்டா கேபிளைக் கழற்றி இறுக்கமாக மாட்டிப் பார்க்கலாம். பல நேரம் கோளாறு அவ்வளவுதான்.

டிஸ்க் நலமாகவே இருந்தாலும், விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றச் சொல்வதுதான் என் கட்சி. சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி படித்தால், சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியைத் தொடும். பழையதைப் படம், பாட்டு சேமிக்க வைத்துக்கொள்ளுங்கள்.