மீன்தொட்டிக்கு ஏற்ற சைபன் வடிகால்: தெரிவும் பராமரிப்பும்

குளத்திற்கு வான் எவ்வளவு இன்றியமையாததோ, வீட்டு மீன்தொட்டிக்கு வடிகாலும் அவ்வளவு இன்றியமையாததாகும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணும் கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2018-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் பெருமழையால் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டதையும், தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் புகுந்ததையும் நீங்கள் அறிவீர்கள். வரும் நீரின் அளவுக்கேற்பப் போகும் வழியும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் பாடம்.

மரக்கறித் தோட்டத்தோடு அலங்கார மீனும் வளர்க்க விரும்புவோர், மேல்தொட்டி, கீழ்த்தொட்டி என இரண்டு அமைத்துக்கொள்ளுதல் நன்று. மீன்கள் மேல்தொட்டியில் வாழும். வடிகட்டியும் பம்பியும் கீழ்த்தொட்டியில் இருக்கும். பம்பி நீரை மேலே ஏற்ற, மிகைநீர் வடிகால் வழியே தானாகக் கீழிறங்கித் துப்புரவாகும்.

சைபன் இயங்கும் முறை

பீப்பாயினுள் ஒரு குழாயை விட்டு, மறு நுனியை வாயால் உறிஞ்சி, மண்ணெண்ணெய் இறக்குவதைக் கண்டிருப்பீர்கள். குழாய் முழுவதும் நிறைந்திருக்கும் வரையில், திரவம் விளிம்பின் மேலேறித் தாழ்ந்த பக்கத்திற்குப் பாயும். காற்றுப் புகுந்தால் ஓட்டம் நின்றுவிடும்.

மீன்தொட்டிக்குரிய சைபனில் இரண்டு சிறு பெட்டிகள் உண்டு. ஒன்று தொட்டியின் உள்ளே, மற்றது வெளியே தொங்கும். கவிழ்த்து வைத்த வளைகுழாய் ஒன்று இவ்விரண்டையும் இணைக்கும். மேல்தொட்டி நீர் உட்பெட்டியின் பல்விளிம்பைத் தாண்டி விழுந்து, வளைகுழாய் வழியே வெளிப்பெட்டியை அடைந்து, அங்குள்ள தடுப்பைக் கடந்து கீழ்த்தொட்டிக்கு இறங்கும். மின்சாரம் நின்றால் பல்விளிம்புக்கு மேலுள்ள நீர் மாத்திரமே வடியும். குழாயின் இரு நுனிகளும் நீரில் அமிழ்ந்தே இருப்பதனால், பம்பி மீண்டும் ஓடும்போது சைபனும் ஓடும்.

தெரிவு செய்தல்

1. துளையிடக்கூடிய தொட்டியாயின் சைபன் வேண்டாம். மேல்விளிம்பின் அருகே துளையிட்டுக் குழாய் பொருத்துவதே உறுதியானது. அதில் உறிஞ்சி நிறைக்கவேண்டிய குழாய் இல்லை. காற்றுப் புகுந்து கெடுவதும் இல்லை. சூடாக்கி உறுதிப்படுத்திய கண்ணாடியைத் துளைத்தால் அது நொறுங்கிவிடும். அத்தகைய தொட்டிக்கும், மீன் நிறைந்திருப்பதால் இப்பொழுது துளைக்கவியலாத தொட்டிக்குமே சைபன் உரியது.

2. முதலிற் பம்பியை அளந்துகொள்ளுங்கள். மேல்தொட்டியில் நீர் விழும் இடத்தில் 10 லீற்றர் வாளியைப் பிடியுங்கள். அது 30 வினாடியில் நிறைந்தால், பம்பி மணிக்கு 1,200 லீற்றர் தருகின்றது. சைபன் அதனிலும் சற்றுக் கூடுதலாக இறக்க வல்லதாதல் வேண்டும்.

3. மிகப் பருத்த குழாயைத் தெரிவு செய்தலும் தவறு. ஓட்டம் மெதுவானால் காற்றுக் குமிழிகள் வளைவின் உச்சியில் தங்கிச் சேரும். விரைந்த ஓட்டம் அவற்றை அடித்துச் சென்றுவிடும்.

4. வளைகுழாய் உள்ளே தெரியக்கூடியதாய் இருத்தல் நலம். சேரும் காற்றை அப்பொழுதுதான் கண்ணாற் காணலாம்.

5. இடமும் பணமும் இருப்பின் இரண்டு வளைகுழாய்கள் வையுங்கள். ஒவ்வொன்றும் தனியே பம்பியின் நீரைத் தாங்குமாயின், ஒன்று அடைபட்டாலும் மற்றது காக்கும்.

இரு காவல்கள்

எவ்வளவு நல்ல சைபனாயினும் ஒருநாள் நின்றுவிடக்கூடும். ஆகவே, அது நின்றாலும் நீர் வழியாதபடி தொட்டிகளை அமைத்தலே முதன்மையான வேலை.

120 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள மேல்தொட்டியில், நீர்மட்டத்திற்கு மேல் 5 சென்ரிமீற்றர் வெற்றிடம் உண்டெனக் கொள்வோம். அதில் 27 லீற்றர் கொள்ளும். சைபன் நின்றபின் பம்பி ஏற்றக்கூடிய நீர் இந்த 27 லீற்றரிலும் குறைவாயின் வீட்டினுள் ஒரு துளியும் சிந்தாது. ஆதலால், கீழ்த்தொட்டியிற் பம்பி நிற்கும் அறையைத் தடுப்பினாற் பிரித்து, பம்பியின் வாய்க்கு மேல் 25 லீற்றர் மாத்திரம் நிற்கச் செய்யுங்கள். நீர் தீர்ந்ததும் பம்பியை நிறுத்தும் மிதவை ஆளியும் பொருத்தினால், பம்பி வெறுமையாய் ஓடி எரிந்துபோகாது.

மற்றக் காவல் கீழ்த்தொட்டிக்கு உரியது. மின்சாரம் நின்றவுடன் நீரேற்றும் குழாயே சைபனாக மாறி, மேல்தொட்டி நீரைக் கீழே இழுக்கும். அதன் வாய் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால், மேற்சொன்ன தொட்டியிலிருந்து 27 லீற்றர் இறங்கும். எனவே அதன் வாயை நீர்மட்டத்தின் அருகிலேயே வையுங்கள். நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே அக்குழாயில் ஒரு சிறு துளையிட்டால், மட்டம் சிறிது இறங்கியதும் காற்றுப் புகுந்து ஓட்டம் நிற்கும். இறங்கும் நீர் முழுவதையும் கொள்ளக் கீழ்த்தொட்டியில் எப்பொழுதும் வெற்றிடம் இருத்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை நினைவிற் கொண்டால், இக்காவலின் அருமை விளங்கும்.

பராமரிப்பு

நாள்தோறும்: வளைவின் உச்சியைப் பாருங்கள். குமிழி சேர்ந்திருந்தால் உடனே உறிஞ்சி அகற்றுங்கள். ஆவியாகிக் குறையும் நீர் கீழ்த்தொட்டியிலேயே தெரியும். குளத்து அளவுகோல் போல அதில் ஒரு கோடிட்டு, அக்கோட்டிற்கு மேல் நீர் ஊற்றாதீர்கள்.

வாரந்தோறும்: பல்விளிம்பில் ஒட்டிய பாசி, இலை, நத்தை முதலியவற்றை நீக்குங்கள். நீரேற்றும் குழாயின் சிறு துளையையும் ஈர்க்கினாற் குத்தித் துப்புரவாக்குங்கள்.

மாதந்தோறும்: வளைகுழாயைக் கழற்றித் தூரிகையால் உட்புறத்தைத் தேயுங்கள். கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுந்த இடங்களில் வெண்படலம் படியும். அதனை வினாகிரியில் ஊறவைத்து நீக்கி, நன்றாய்க் கழுவுங்கள். சவர்க்காரம் ஆகாது. பின்னர் இரு சோதனைகள் செய்யுங்கள். முதலிற் பம்பியை நிறுத்தி, கீழ்த்தொட்டி வழிகின்றதா என்று பாருங்கள். மீண்டும் ஓடவிட்டு, சைபன் தானே தொடங்குகின்றதா என்று கவனியுங்கள். அடுத்து, வளைகுழாயை எடுத்துவிட்டுப் பம்பியை ஓட்டி, மேல்தொட்டி வழியாதிருப்பதை உறுதிசெய்யுங்கள். பம்பி வெறுமையானதும் உடனே நிறுத்திவிடுங்கள். இச்சோதனைகளை நீங்கள் அருகில் நிற்கும்போதே செய்தல் வேண்டும்.

கழிவு நீரும் தோட்டமும்

மீனின் கழிவிலுள்ள நைதரசன் பயிருக்கு உணவாகும். கீழ்த்தொட்டியில் மாற்றும் நீரை மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு ஊற்றலாம். மீனுக்கு உப்போ மருந்தோ இட்ட நீரை ஊற்றுதல் கூடாது. கிருமிநாசினி கலந்த வாளியையும் தெளித்த கையையும் தொட்டியின் அருகே கொண்டுவராதீர்கள். சிறிதளவு நஞ்சும் மீன்களைக் கொல்லும்.

மீன்குஞ்சும் முட்டையும் நீரோடு வெளியேறாதபடி உட்பெட்டியின் வாயில் நுண்ணிய வலை கட்டுங்கள். அவ்வலையையும் வாரந்தோறும் கழுவுங்கள். அடைபட்ட வலை அடைபட்ட வானுக்கு ஒப்பாகும். தொட்டி நீரை வாய்க்காலில் விடாதீர்கள். வளர்ப்புக்கென வந்த தொட்டி மீன்களுட் சில, இலங்கையின் குளங்களிற் புகுந்து பெருகியுள்ளன. உங்கள் தொட்டி நீர் உங்கள் பாத்தியிலேயே சுவறட்டும்.